பெருக்கல் அக்காவும் ஒன்பது மீட்டர் கல்லும்

கல் கிடங்கில் அவளை எல்லாரும் பெருக்கல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்குக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். பத்தொன்பது வருடமாக அவள் கையில் மஞ்சள் நிற மெழுகுக்குச்சி ஒன்று இருக்கிறது. அதை வைத்துக் கற்களின்மேல் பெருக்கல் குறி போடுவது அவள் வேலை. பெயர் அங்கிருந்து வந்தது.

அந்த வேலை என்னவென்று தெரிய வேண்டுமானால் ஊரின் பெரிய தலைவலியிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் எல்லையில் மூடிப்போன அணுமின் நிலையம் ஒன்று இருக்கிறது. நிலையம் மூடி வருடக்கணக்காகியும் அதில் எரிந்து முடிந்த எரிபொருள் எங்கும் போகவில்லை. தடித்த கான்கிரீட் உருளைகளில் அடைத்து, ஒரு பெரிய கொட்டகையில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நூற்று முப்பத்திரண்டு உருளைகள். உள்ளே இருப்பதன் வீரியம் அடங்க ஒரு லட்சம் வருடம் பிடிக்கும். கொட்டகைக் கூரைக்கு ஆயுசு நாற்பது வருடம். இந்த இரண்டு எண்களும் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

என்ன செய்யலாம் என்று பேசாத திண்ணை ஊரில் கிடையாது. கூரையை மாற்றி மாற்றிப் போட்டுக் காவல் காக்கலாம் என்றார்கள் சிலர். நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒல்லியான துளைகள் போட்டு, அதற்குள் இறக்கி அடைத்துவிடலாம் என்றார்கள் வேறு சிலர். கழிவு வாரியம் மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டது. அரைக் கிலோமீட்டர் கீழே, கெட்டிப் பாறைக்குள் சுரங்கம் குடைவது. செம்பும் இரும்புமான கூடுகளில் கழிவை வைத்து, சுற்றிலும் களிமண்ணைத் திணித்து மூடுவது. களிமண் ஈரம் பட்டால் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் பாறையில் விரிசல் இருக்கக் கூடாது. விரிசல் இருந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் என்றோ ஒருநாள் கூடு அரிக்கும். அரித்ததைத் தண்ணீரே மேலே சுமந்துகொண்டும் வரும்.

பாறை உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கத் துளை போட்டார்கள். துளைக்குழாயில் மணிக்கட்டுப் பருமனில் கல்தண்டு மேலே வரும். மும்மூன்று மீட்டராக வருவதை ஒரு மீட்டர் நீளப் பெட்டியில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். பெட்டிக்குள் அடங்க வேண்டுமானால் சுத்தியலால் தட்டி உடைக்க வேண்டும். அங்கேதான் பெருக்கல் அக்கா வருகிறாள்.

கல்லில் தெரியும் முறிவுகள் இரண்டு வகை. பூமிக்குள்ளேயே இருந்தது பிறவி முறிவு. நாம் தட்டி உண்டாக்கியது கைமுறிவு. கைமுறிவு என்றால் அதன் இரண்டு பக்கமும் மஞ்சளில் பெருக்கல் குறி போட வேண்டும். பின்னால் வந்து பாறையைப் பற்றிப் பதிவேட்டில் எழுதுகிற படித்தவர்கள் குறி இல்லாத முறிவுகளை மட்டும் எண்ணுவார்கள். குறி உள்ளதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பெட்டி அடுக்குகிறவள் போட்ட குறி அவள் கொடுத்த வாக்கு. அதை யாரும் சந்தேகித்ததில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு தரை ஓட்டுக் கிடங்கில் இருந்தாள். ஓடுகளை விரல்மடக்கால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்டதை ஒதுக்குவாள். அந்தக் காதுதான் துளைக்களத்தில் அவளுக்குச் சோறு போட்டது. மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆறு துளைகள், நாலாயிரத்துச் சொச்சம் குறிகள். துளைக்களம் மூடிய பிறகு கிடங்கின் பொறுப்பு அவளிடம் வந்தது. நானூற்று எழுபத்தாறாவது மீட்டரில் இளஞ்சிவப்புப் பட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், பட்டியலைத் திறக்காமல் நேராக அந்த அலமாரிக்குப் போய் நிற்பாள்.

கிடங்குக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது முதல் துளையின் இரண்டு பெட்டிகளைத்தான். நானூற்று முப்பத்தெட்டு முதல் நானூற்று நாற்பத்தேழு மீட்டர் வரை. ஒன்பது மீட்டர். பதினான்கு முறிவுகள் இருந்தன. பதினான்கிலும் மஞ்சள் குறி. அதாவது, பூமிக்குள் அந்த ஒன்பது மீட்டரில் ஒரு விரிசல்கூடக் கிடையாது. அதன்மேல் கண்ணாடி மூடி போட்டு, திருகி வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், நகராட்சிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாருக்கும் அவளே நின்று விளக்கியிருக்கிறாள். சுரங்கத்தை எந்த மட்டத்தில் குடைவது என்ற பேச்சு வந்தபோது, மற்ற துளைகளில் அதே ஆழத்தைப் பார்த்துவிட்டு, நானூற்று நாற்பது என்று வாரியம் முடிவு கட்டியதும் இந்தப் பெட்டிகளை முன்னால் வைத்துத்தான்.

மட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. வருவதற்குப் பத்து நாள் முன்னால், மரப்பெட்டிகளைக் கறையான் அரிக்கிறது என்று புதிய தகரத் தட்டுகள் வந்து இறங்கின. கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி மாற்ற வேண்டும். பார்வைக்கு வைத்த அந்த இரண்டு பெட்டிகளை வேறு யாரிடமும் விட அவளுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, திருகுகளைத் தானே கழற்றி, கண்ணாடியை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

மூன்றாவது துண்டைத் தூக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

கைமுறிவின் முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலப் புதிதாக மினுங்கும். இந்த முகம் மங்கலாக இருந்தது. அழுக்கோ என்று தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். போகவில்லை. கரும்பச்சையில், நகத்தால் சுரண்டினாலும் அசையாத மெல்லிய படலம். எத்தனையோ காலத்துக்கு முன் அந்த வழியாகத் தண்ணீர் போயிருந்தால் மட்டுமே அப்படிப் படியும். கல்லைப் புரட்டினாள். வெளிப்பக்கம் அவளுடைய குறி, வால் நீண்ட பெருக்கல், பளிச்சென்று இருந்தது.

மற்றதையும் தூக்கிப் பார்த்தாள். பதினான்கில் ஐந்து.

அன்றைக்கு மேற்கொண்டு எதையும் மாற்றவில்லை. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பொருத்தி, கண்ணாடியை மூடி, திருகி, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஞாபகம் வரத்தான் செய்தது. முதல் துளையின் முதல் மழைக்காலம். கல் கழுவுகிற தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டிருந்தது. கல்தண்டு சேறும் பசையுமாக வெளியே வந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், களத்து வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். துண்டு துண்டாக வந்ததைப் பார்த்து, "இது என்னங்க, குழாய்லயே உடைஞ்சு வருது?" என்று துளைமேஸ்திரியைக் கேட்டாள். "நாங்க தட்டித்தான் இறக்கினோம். எல்லாம் நம்ம கைதான். போடு குறியை, கிளம்பு" என்றார் அவர். போட்டாள். முகத்தைக் கழுவிப் பார்க்காமல் போட்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து குறி பொய்த்தது என்றால் நாலாயிரமும் சந்தேகத்துக்கு வந்துவிடும். பத்தொன்பது வருடம் அவள் செய்தது அந்தக் குறிகளை மட்டும்தான். ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வந்தான். சலவைக் கடை வைத்திருப்பவன். கொட்டகைக்குப் பின்தெருவில் கடை. வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

"அண்ணி, இன்னும் எட்டே நாள்! குழு வந்து தலையாட்டிட்டுப் போனா தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க இல்ல?" என்றான் தட்டில் கைவைத்தபடியே. "என் கடைக்கு வர்றவங்க சட்டை கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா, 'இருட்டுல மின்னுமா'ன்னு கேட்கிறாங்க. எத்தனை வருஷம்தான் சிரிச்ச மாதிரியே நிக்கிறது?"

"உருளை அதுபாட்டுக்கு நிக்குது, உன்னை என்ன பண்ணுச்சு?" என்றார் அவள் கணவர். அவர் கொட்டகையில் கிரேன் ஓட்டுகிறவர். உருளைகளை வருடத்துக்கு ஒருமுறை தூக்கி, அடிப்பக்கம் பார்த்து, திரும்ப வைப்பது அவர் வேலை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர்.

"உங்களுக்கென்ன அண்ணே, நூத்து முப்பத்திரண்டு பிள்ளை பெத்த பெருமை உங்களுக்கு. ஒண்ணாவது உங்களைக் கடைசிக் காலத்துல காப்பாத்துமா?"

"அதுங்களை நான் காப்பாத்துறேனே, போதாதா?"

"அண்ணி, நீங்க சொல்லுங்க. கீழ விரிசலே இல்லைதானே? அந்த ஒன்பது மீட்டரைப் பத்தி வர்ற வாடிக்கையாளர்கிட்ட எல்லாம் நான்தான் பீத்திக்கிறேன். எங்க அண்ணி குறி போட்ட கல்லுன்னு."

அவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொழுந்தன் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டே கணவர் கேட்டார். "ரெண்டு நாளா கல்லை முழுங்கின மாதிரி இருக்கே. என்ன?"

சொன்னாள். அவர் அதே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி செத்து ஆறு வருஷமாச்சு. அவர் சொன்னார், நீ போட்டே. உன்மேல என்ன தப்பு?"

"குச்சி என் கையில இருந்துச்சுங்க."

"புதுத் தட்டுல அப்படியே பொருத்தி வெச்சு மூடிட்டா, யார் தூக்கிப் பார்க்கப் போறாங்க?"

"ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க," என்றாள். "அதுதான் பயமா இருக்கு."

அவர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "ஒரு உருளையோட அடியில மயிரிழைக் கீறல் பார்த்தா நான் மறைச்சுட்டு வீட்டுக்கு வருவேனா?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். "போய்ச் சொல்லிடு. தம்பிகாரன் என்னைத்தான் முதல்ல பிடுங்குவான். பரவாயில்ல, எனக்கு அவனைச் சின்ன வயசுலேர்ந்தே பழக்கம்."

திங்கட்கிழமை காலை டாக்டரைக் கிடங்குக்கு வரச்சொன்னாள். டாக்டர் என்றால் பாறைப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் துளை போட்டபோது மீசை முளைக்காத முகத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர். இன்று வாரியத்தின் தலைமைப் பாறை நிபுணர். அந்த ஒன்பது மீட்டரின் பதிவேட்டில் இருப்பது அவர் கையெழுத்து. அவளை அக்கா என்பார், அவள் அவரைத் தம்பி என்பாள்.

மண்டியிட்டு, கண்ணில் உருப்பெருக்கியை வைத்து, ஐந்து முகங்களையும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, கல்யாண மண்டபத்துல ஆளெல்லாம் வந்து உட்கார்ந்தப்புறம், பொண்ணு இவ இல்லைங்கிறீங்களே."

"என்ன தம்பி பண்ணச் சொல்றீங்க? வெள்ளிக்கிழமைதான் முகத்தைப் பார்த்தேன்."

"நானும் பார்க்கலையே. குறி இருக்குன்னு தாண்டிப் போயிட்டேன்." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "சரி, யோசிப்போம். துளைமேஸ்திரி தவறான தகவல் கொடுத்ததால, அப்படின்னு ஒரு குறிப்பு எழுதலாம். அஞ்சை மட்டும் திருத்திடலாம். ரெண்டு வரியில முடிஞ்சுடும்."

"அவர் வந்து பதில் சொல்ல முடியாதுன்னுதானே அவர் பேரை எழுதுறீங்க? கழுவாம குறி போட்டது நான். அப்படியே எழுதுங்க."

"எழுதினா உங்களுக்குத்தான்..."

"மத்த குறிகளை என்ன பண்ணுவீங்க?"

"அதுல தப்பு இருக்கா?"

அவள் அலமாரிகளை ஒருமுறை பார்த்தாள். கூரை வரைக்கும் பெட்டிகள்.

"வியாழக்கிழமை கேட்டிருந்தீங்கன்னா இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன் தம்பி. இப்போ தெரியாது."

டாக்டர் நல்லவர், ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் அவளோடு பேசவில்லை. ஐந்து மணிக்கு வந்து, "உங்களை எழுதின இடத்துல என்னையும் சேர்த்து எழுதிட்டேன்" என்று ஒரு தாளைக் காட்டிவிட்டுப் போனார்.

குழு வந்தது. நகராட்சி மண்டபத்தில் கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். குழுத் தலைவி தண்ணீர்த் துறையில் முப்பது வருடம் பொறியாளராக இருந்தவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். டாக்டர் எழுந்து உள்ளதைச் சொன்னார். ஒன்பது மீட்டரில் ஐந்து முறிவுகள் பிறவி முறிவுகள், பதிவு தவறு, எனவே நானூற்று நாற்பதாவது மட்டத்தைப் பற்றி இன்று ஒன்றும் சொல்ல முடியாது.

மண்டபம் கொதித்துவிட்டது. இன்னும் எத்தனை வருடம் என்று ஒரு பக்கம். தோண்டவே வேண்டாமென்று அப்போதே சொன்னோமே என்று இன்னொரு பக்கம். எல்லாச் சத்தத்துக்கும் மேலே எழும்பியது கொழுந்தனின் குரல்.

"அண்ணின்னு பார்க்க மாட்டேன்! கூட்டம் கூட்டமா எங்களை நிக்க வெச்சு, இதுல விரிசலே இல்லைன்னு காட்டினீங்களே, அது என்ன? பொய்தானே?"

அவள் எழுந்தாள். யாரோ மைக்கை நீட்டினார்கள். அது கிறீச்சிட்டு ஓய்கிறவரை காத்திருந்தாள்.

"காட்டினப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் காட்டியிருந்தா பொய். அதனாலதான் காட்டல."

"அப்போ மத்த குறியையெல்லாம் நாங்க எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க," என்றாள். பேசி முடித்துவிட்டாளோ என்று எல்லாரும் பார்த்தார்கள். "கிடங்கு திறந்துதான் இருக்கும். வந்து தூக்கிப் பாருங்க. எனக்கு வேற வழி தெரியல."

குழுத் தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். முதல் துளையின் அறுநூற்று நாற்பது குறிகளையும் மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஒன்பது மீட்டரை மேலும் கீழும் அடைத்து, தண்ணீரை அழுத்தி, உள்ளே போகிறதா என்று சோதிக்க வேண்டும். இரண்டும் முடியாமல் மட்டத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. கடைசியாக அவள் பக்கம் திரும்பி, "குறி போட்டவங்க நீங்க. அதனால இந்தத் தடவை குச்சியை நீங்க தொடக் கூடாது. எந்த முறிவு எப்படி வந்ததுன்னு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லலாம், அவ்வளவுதான்" என்றார். சரியென்று தலையாட்டினாள். கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

முதல் வாரம் சித்திரவதையாகத்தான் இருந்தது. வாரியத்து ஆள் ஒருவர், குழுவின் ஆள் ஒருவர், எதிரே முக்காலியில் அவள். துண்டைத் தூக்குவார்கள், கழுவுவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். "இது?" என்பார்கள். "கை" என்பாள். பெரும்பாலும் கைதான். ஐம்பதாவது மீட்டருக்குக் கீழே ஒருநாள் "கை" என்று அடித்துச் சொன்னாள். கழுவிப் பார்த்தால் படலம். அந்தக் குறியைப் போட்ட நாளில் மழையும் இல்லை, குழாயும் வெடிக்கவில்லை, வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. அவள் சும்மாவே தவறியிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டாள். கணவர் தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊரார் வந்து பார்க்கச் சனிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். முதல் இரண்டு சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. கத்துவதற்கு வருகிற கூட்டம் கல் தூக்க வராது என்று வாரியத்து ஆள் சிரித்தார். மூன்றாவது சனிக்கிழமை கொழுந்தன் வந்து நின்றான். உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு, கையுறையை வாங்கி மாட்டினான்.

"பேச வரல. பார்க்கத்தான் வந்தேன்."

"பேசாம பார்ப்பியா? அதையும்தான் பார்ப்போம்," என்றாள்.

இருபது துண்டு வரைக்கும் தாக்குப்பிடித்தான். அப்புறம் ஆரம்பித்துவிட்டான். "இதென்ன அண்ணி, கல்லா, இரும்பா, வெயிட்டு முதுகை உடைக்குது" என்றான். "இதைத் தூக்கித் தூக்கியா உங்களுக்கு இடுப்புவலி, நான் எங்க அண்ணனைச் சுமந்துன்னு நினைச்சேன்" என்றான். குழுவின் ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்தார்.

முந்நூற்று இரண்டாவது மீட்டரில் ஒரு துண்டு. அவள் "கை" என்றாள். வாரியத்து ஆளும் கைதான் என்றார். முகம் மினுங்கத்தான் செய்தது. கொழுந்தன் அதைக் கீழே வைக்கவில்லை. சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தான்.

"இந்த ஓரத்துல ஒரு கறை இருக்கே."

"நிழலா இருக்கும்பா," என்றாள்.

"அண்ணி, இருபத்தேழு வருஷமா கறையைத் தவிர நான் வேற எதையும் பார்த்ததில்ல. நிழல் கையைத் திருப்பினா நகரும். இது நகரல."

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார். முகத்தில் கால்வாசி பழைய விரிசல், முக்கால்வாசி சுத்தியல். பாதியில் நின்றுபோன விரிசலைப் பிடித்துக்கொண்டு கல் உடைந்திருக்கிறது. "குறியை எடுக்கணும்" என்றார்.

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று குதிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் முகம் ஏதோ தப்பு செய்தவன் முகம்போல ஆகிவிட்டது.

"நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ அண்ணி?"

"வாயை வெச்சுக்கிட்டு முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே. அதையும் வாபஸ் வாங்காதே. அடுத்ததைத் தூக்கு."

அவன் தெருவில் போய்ச் சொன்னானோ என்னவோ, அடுத்த சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினைந்து பேர். பேருந்து நடத்துநர் ஒருவர், இரண்டு செவிலியர்கள், தோண்டவே கூடாது என்கிற கட்சியிலிருந்து ஒரு தையல்காரி. தையல்காரிக்குப் பெருக்கல் அக்காவைக் கண்டாலே ஆகாது. ஆனால் கண் கூர்மையானது. மூன்று தவறு அவள்தான் பிடித்தாள். கையுறை பற்றாமல் கொழுந்தன் கடையிலிருந்து கொண்டுவந்தான்.

தண்ணீர்ச் சோதனையும் நடந்தது. ஒன்பது மீட்டரும் தண்ணீரைக் குடித்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தேக்கரண்டி. டாக்டர் அதைக் கொஞ்சம் என்றார். தையல்காரி அதை ஒரு லட்சம் வருடத்தால் பெருக்கச் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். கீழே வேறு மட்டம் தேட வேண்டும், அல்லது வேறு பாறை, அல்லது வேறு வழியே கூடத் தேட வேண்டியிருக்கலாம் என்று எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே மண்டபத்தில் கூட்டம். முடிவை நீங்களே வாசியுங்கள் என்று குழுத் தலைவி அவளிடம் தாளைக் கொடுத்தார். தாளை மேசைமேல் வைத்து, விரலை ஓட்டிப் படித்தாள்.

"மொத்தக் குறி அறுநூத்து நாப்பது. சரியா போட்டது அறுநூத்து ஆறு. தப்பா போட்டது இருபத்து மூணு. குழாய்க்குள்ள உருண்டு முகம் தேஞ்சுபோனதால எதுன்னு சொல்ல முடியாதது பதினொண்ணு." நிறுத்தினாள். தாளில் இல்லாததையும் சொன்னாள். "இருபத்து மூணும் நான் போட்டது. அஞ்சுதான் இருக்கும்னு நினைச்சேன்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கொழுந்தன் எழுந்து நின்றான். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு சந்தேகம்," என்றான். "அந்த இருபத்து மூணுல ஒண்ணு நான் கண்டுபிடிச்சது. முந்நூத்து ரெண்டாவது மீட்டர். அது அறிக்கையில வருமா, வராதா?"

மண்டபம் சிரித்தது. "மூணு என்னுது!" என்று தையல்காரி இன்னொரு மூலையிலிருந்து கத்தினாள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்த குழுத் தலைவி, மீதி ஐந்து துளைகளும் இருக்கின்றன, நிறையக் குறிகள், வாரியத்திடம் அவ்வளவு ஆள் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர் அதை வாரியத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் கூட்டத்திலிருந்து வந்தது.

"சனிக்கிழமை காலையில கடை சும்மாதான் கிடக்கு," என்றான் கொழுந்தன், இன்னும் உட்காராமல். "ஆனா அண்ணி இருக்கணும். ஓய்வு கீய்வுன்னு கம்பி நீட்டினா நான் வர மாட்டேன். யாரோட சண்டை போடுறது அப்புறம்?"

அவள் ஓய்வு அதற்கடுத்த மாதம் வந்தது. வாரியம் ஒரு சால்வை போர்த்தியது. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல், அவள் கிடங்குக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டாம் துளையின் முதல் பெட்டியைக் கொழுந்தனும் நடத்துநரும் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். தையல்காரி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் கொழுந்தன். முதல் துண்டை எடுத்து, முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான். "சொல்லுங்க. கையா, பிறவியா?"

"முதல்ல கழுவு," என்றாள்.